கல்லூரியிலிருந்து வேலைக்கு: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரிகளுக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நேர்முகத் தேர்வு நடத்தும் குழுவிலும் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கும். மாணவர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினால் போதாதா?

பாடத்தில் பிடிப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் விடைத்தாளுக்கும் அலுவலக வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விடைத்தாளைத் திருத்துபவர் படிப்பார், மதிப்பெண் போடுவார், கட்டி வைத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த வேலையைத் தொடங்குவதில்லை. அலுவலகத்தில் நீங்கள் முடித்துக் கொடுப்பது எல்லாமே இன்னொருவர் கைக்குப் போகிறது. நீங்கள் போட்ட கணக்கை நம்பி ஒருவர் ஆர்டர் கொடுப்பார். நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இன்னொருவர் வாடிக்கையாளரிடம் பேசுவார். ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் தேர்வில் அரை மதிப்பெண் போகும். இங்கே அடுத்தவருடைய ஒரு நாள் உழைப்பு போகும்.

எனவே வேலைக்குத் தயாரா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் கொடுத்ததை வாங்கியவர், உங்களைத் திரும்பக் கூப்பிடாமல் தன் வேலையைத் தொடர முடிகிறதா? இனி இந்தப் பக்கத்தில் வரும் எழுத்து, கணக்கு, குழு வேலை, கேள்வி கேட்பது எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

நிறுவனங்கள் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கின்றன?

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கைக்காக 55 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டார்கள். பத்தில் ஏழு நிறுவனங்கள் இன்றியமையாதது என்று சொன்னது பகுப்பாய்வுச் சிந்தனையை. அடுத்து வந்தவை சோர்ந்துபோகாமல் மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் குணம், பிறரைக் கூட்டிச் செல்லும் திறன். இன்றைய திறன்களில் 39 சதவீதம் 2030-க்குள் மாறிவிடும் அல்லது காலாவதியாகிவிடும் என்றும் அதே அறிக்கை கணிக்கிறது.

அந்த 39-ஐப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். எனக்கு மிச்சமுள்ள 61-தான் கண்ணில் படுகிறது. மென்பொருள் மாறும், கருவி மாறும். தெளிவாக எழுதுவதும் சரிபார்ப்பதும் சொன்ன நேரத்தில் கொடுப்பதும் எந்தக் கருவி வந்தாலும் கூடவே வரும்.

பகுப்பாய்வுச் சிந்தனை என்கிறார்கள். அது என்ன, அதை எப்படி வளர்ப்பது?

நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 2010-ல் இரண்டு புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்பது அதன் சாரம். அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று அதில் இருந்தது. உலகெங்கும் அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டனுக்கு, ஏற்கெனவே வெளியான ஒரு கட்டுரையை எடுத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வகுப்புப் பயிற்சி. அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். எத்தனை முறை போட்டாலும் விடை ஒத்துவரவில்லை. தன்மேல்தான் தவறு என்று விட்டுவிடாமல், கட்டுரை எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 30-ஆம் வரியிலிருந்து 49 வரை போகாமல் 44-லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. இதையும் வேறு சில குறைகளையும் சரிசெய்து 2013-ல் அவரும் அவருடைய பேராசிரியர்களும் வெளியிட்ட சராசரி 2.2 சதவீதம். எக்செல் பிழையைக் கட்டுரையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மாணவர் செய்ததில் மேதைமை எதுவும் தேவைப்படவில்லை. தானே போட்டுப் பார்த்தார், மூலக் கோப்பைக் கேட்டார், ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இதே பயிற்சியை நீங்களும் செய்யலாம். உங்கள் துறையில் ஒரு கட்டுரையோ ஆண்டறிக்கையோ எடுத்து, அதிலுள்ள ஓர் அட்டவணையை நீங்களே மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். ஒத்துவராத இடம் நிச்சயம் ஒன்று கிடைக்கும். அது ஏன் என்று கண்டுபிடிக்கும் மூன்று மணி நேரத்தில் கற்பதை எந்த வகுப்பும் கற்றுத்தராது.

கணினித் துறை படிக்கவில்லை. எனக்கும் கோடிங் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. எக்செல் போன்ற விரிதாள் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, தரவை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள், இரண்டு பட்டியல்களை ஒப்பிட எக்ஸ்லுக்அப். இவ்வளவு கைவந்தால் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். அதற்குமேல் ஆர்வம் இருந்தால் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல், பிறகு பைதான் நிரல்மொழி.

சூத்திரங்களைவிட முக்கியமானது, கருவி எங்கே காலை வாரும் என்று தெரிந்திருப்பது. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாது. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்த வகைக் கோப்பில் ஏற்றியதால், 15,841 தொற்றாளர்கள் உரிய நாளில் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவதும் தாமதமானது. இன்னொன்று: எக்செல் சில சொற்களைத் தானாகவே தேதியாக்கிவிடும். ‘மார்ச்1’ என்று ஒரு மரபணுவுக்குப் பெயர் இருந்தது. கட்டத்தில் தட்டினால் மார்ச் முதல் தேதி ஆகிவிடும். கடைசியில் 2020-ல் விஞ்ஞானிகள் மரபணுவின் பெயரையே மாற்றினார்கள்.

கோப்பை அனுப்பும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மூலத்தில் எத்தனை வரி, உங்களிடம் எத்தனை வரி? தேதிகள் தேதியாகவும் எண்கள் எண்ணாகவும் இருக்கின்றனவா? மொத்தத் தொகை நம்பும்படி இருக்கிறதா? ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எழுதுவதெல்லாம் கலைப் பிரிவு மாணவர்களுக்குத்தானே?

நான் பார்த்தவரை முதல் ஆண்டில் அதிகம் அடிபடுவது எழுத்தில்தான், அதுவும் தொழில்நுட்பம் படித்தவர்கள். இலக்கண சுத்தமாக இருந்தும் ஒன்றும் சொல்லாத மின்னஞ்சல்கள் எத்தனையோ வருகின்றன. இப்படி:

“வணக்கம். தாங்கள் கேட்ட ரிப்போர்ட் தொடர்பாக எழுதுகிறேன். தரவுகளைத் தொகுப்பதில் சில சிக்கல்கள் ஏற்பட்டுள்ளன. ஆகவே சற்றுத் தாமதமாகலாம். தயவுசெய்து ஒத்துழைக்கவும்.”

இதைப் படிப்பவர் என்ன செய்ய முடியும்? என்ன சிக்கல், எவ்வளவு தாமதம், தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் எதுவும் தெரியாது. போன் போட்டுக் கேட்கத்தான் வேண்டும். அதையே இப்படி எழுதலாம்:

“விற்பனை ரிப்போர்ட்டை இன்று மாலைக்குப் பதில் புதன் காலை 11 மணிக்குத் தருகிறேன். மூன்று கிளைகளின் கணக்கு இன்னும் வரவில்லை, இரண்டு தடவை நினைவூட்டியிருக்கிறேன். மற்ற ஒன்பது கிளைகளின் கணக்கு மட்டும் போதுமென்றால் இன்றே அனுப்பிவிடுவேன். எது வேண்டும்?”

முதல் வரியிலேயே சேதி வந்துவிட்டது. கடைசி வரியில் அவர் பதில் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கல்லூரியில் இதற்குப் பயிற்சி வேண்டுமா? பேராசிரியருக்கு, விடுதி நிர்வாகத்துக்கு, விழாக் குழுவுக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் பயிற்சிதான். அனுப்பும் முன் வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

பேசவே தயக்கமாக இருக்கிறது. வேலையில் பேசும் மொழியும் என் தாய்மொழி இல்லை.

சரளமாகப் பேசுகிறவர் எல்லாம் தெளிவாகப் பேசுகிறவர் இல்லை. சிறிய வாக்கியம், தெரிந்த சொல், நிதானமான குரல் போதும். வாரம் ஒருமுறை உங்கள் பாடத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்து, அந்தத் துறையே தெரியாத நண்பருக்கு மூன்று நிமிடத்தில் விளக்குங்கள். பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் எங்கே பிசகுகிறதோ அங்கே உங்கள் விளக்கம் பிசகியிருக்கிறது. ஓர் அரையாண்டு விடாமல் செய்தால் தயக்கம் பெரும்பாலும் போய்விடும். அப்படிப் போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேட்பதும் பேச்சில் சேர்த்திதான். ஒருவர் வேலை சொல்லி முடித்ததும், “நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?” என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். புதியவர்களில் இதைச் செய்பவர் மிகக் குறைவு. செய்பவரை யாரும் மறப்பதில்லை.

குழு ப்ராஜெக்ட்டில் ஒருவரே எல்லாம் செய்கிறார். இதில் என்ன கற்பது?

கற்க வேண்டியதே அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் வேலையைப் பிரிக்கிறார்கள், ஆனால் ஒருவர் முடித்தது அடுத்தவருக்கு எந்த வடிவில் போக வேண்டும் என்று பேசுவதே இல்லை. கடைசி இரவில் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் பாரம் பொறுப்பான ஒருவர் தலையில் விழுகிறது.

1999 செப்டம்பரில் செவ்வாய் கோளைச் சுற்றிவர அனுப்பிய நாசாவின் விண்கலம் அழிந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிய குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வல்லுநர்கள்தான். கைமாறும் இடத்தில் சரிபார்ப்பு நடக்கவில்லை.

அடுத்த ப்ராஜெக்ட்டில் முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எதை, எந்த வடிவில், யாரிடம், எந்த நாளில் கொடுக்க வேண்டும். ஒருவர் வேலை செய்யவில்லை என்றால் பொறுமிக்கொண்டே அவர் பங்கையும் செய்யாதீர்கள். தனியே கூப்பிட்டு, “உன் பகுதி வியாழக்கிழமை வர வேண்டும், எங்கே நிற்கிறது?” என்று நேராகக் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அலுவலகத்திலும் இதே சங்கடம் வரும், அங்கே முதல்முறையாகப் பழகுவது இன்னும் கஷ்டம்.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வரைவு எழுத, புரியாததை வேறு விதமாக விளக்கச் சொல்ல, கோடில் பிழை தேட நன்றாக உதவும்.

ஆனால் அது தரும் விடைக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்தில் இல்லவே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சரிபார்க்கத் தெரியாத துறையில் இந்தக் கருவியை நம்பி வேலையை ஒப்படைப்பது, எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதற்குச் சமம்.

மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி: முதலில் நீங்களே முயன்று ஒரு வரைவு எழுதுங்கள், பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் கற்பதும் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. நிறுவனத்தின் ரகசியத் தரவை அனுமதி இல்லாமல் எந்தப் பொதுக் கருவியிலும் ஒட்டாதீர்கள். வேலையே போகலாம்.

யூடியூப் வீடியோ பார்த்தே எல்லாம் கற்கலாமா?

தொடங்கலாம். 2018-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், மேசைமேல் உள்ள பாத்திரங்கள் விழாமல் விரிப்பை உருவும் வித்தையைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருபது முறையும் வீடியோவில் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்களுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை கூடியது. செய்யும் திறன் கூடுமா என்று டார்ட் எறிதல் போன்ற வித்தைகளில் சோதித்தபோது, எத்தனை முறை பார்த்தும் கை தேறவில்லை. பத்து நிமிடம் பார்த்தால் முப்பது நிமிடம் வீடியோவை மூடிவைத்துச் செய்யுங்கள்.

சான்றிதழ்கள் எத்தனை சேர்க்க வேண்டும்?

எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. துறை கேட்கும் உரிமச் சான்றிதழ் என்றால் கட்டாயம் வாங்குங்கள். மற்றபடி ஒன்றிரண்டு போதும், அதுவும் அதை வைத்து ஏதாவது செய்து காட்டினால். பன்னிரண்டு சான்றிதழ் போட்ட ரெஸ்யூமேயை எடுத்து, “இதில் கற்றதை எங்கே பயன்படுத்தினீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

இன்டர்ன்ஷிப் கிடைக்கவே இல்லை. என்ன செய்வது?

இன்டர்ன்ஷிப்பின் பயன் உங்கள் வேலையை உண்மையான ஒருவர் பயன்படுத்துவதில் இருக்கிறது. அந்த ஒருவரை வேறு இடத்திலும் தேடலாம். கல்லூரி நூலகத்தில் தாமதமாக வரும் புத்தகங்களின் பட்டியல் கையெழுத்து நோட்டில் இருக்கிறதா? அதை விரிதாளாக்கித் தருகிறேன் என்று கேளுங்கள். தொண்டு நிறுவனத்தின் நன்கொடைக் கணக்கு, துறை விழாவின் பதிவுப் பட்டியல், திறந்தமூல மென்பொருளின் விளக்கக் குறிப்புகள், இவை எதிலும் கைகொடுக்கலாம்.

என்னிடம் தேர்வுக்கு வந்த ஒரு மாணவி அந்த நூலக வேலையைத்தான் செய்திருந்தார். தயாரித்துக் கொடுத்த முதல் வாரமே நூலகர் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டாராம். ஏன் என்று போய்க் கேட்டிருக்கிறார். பதிவெண்ணை முழுதாகத் தட்ட வேண்டியிருந்தது, நோட்டில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் எழுதுவது நூலகரின் வழக்கம். தேடலை நான்கு இலக்கத்துக்கு மாற்றிக் கொடுத்ததும் நோட்டு மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்த இருவரை விட்டு அவரை எடுத்தோம்.

ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

ஒரே பக்கம், பிடிஎஃப் வடிவில், கோப்பின் பெயரில் உங்கள் பெயர். “கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்” போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன செய்தீர்கள், யாருக்காக, முடிவு என்ன என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள். இல்லாத எண்ணைப் போடாதீர்கள், இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

நேர்முகத் தேர்வில் தவறு எங்கே நடக்கிறது?

“நாங்கள்” என்ற சொல்லில். “நாங்கள் ஒரு செயலி உருவாக்கினோம், அதற்கு விருது கிடைத்தது” என்பார்கள். சரி, அதில் நீங்கள் செய்தது எது என்று கேட்டால் தடுமாறுவார்கள். அடக்கத்தால் அப்படிப் பேசுபவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அவர்களை நினைத்துத்தான் கவலை. குழு செய்ததைக் குழு செய்ததாகச் சொல்லுங்கள், நீங்கள் செய்த பகுதியை “நான்” என்றே சொல்லுங்கள்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்முகத் தேர்வே, ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதை மற்ற முறைகளைவிட நன்றாகக் கணிக்கிறது என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய மறுஆய்வு காட்டியது. பல நிறுவனங்கள் இப்போது அப்படித்தான் நடத்துகின்றன. “கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?”, “கெடு தவறியது உண்டா?” என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். உங்கள் கல்லூரி நாட்களிலிருந்து ஐந்து நிகழ்ச்சிகளை எழுதி வையுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது. அதில் ஒன்றாவது தோற்றுப்போன கதையாக இருக்கட்டும்.

எனக்கு யாரையும் தெரியாது. சிபாரிசு இல்லாமல் முடியுமா?

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒன்றைக் கண்டறிந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதத்தினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள்தான் வழி காட்டியிருந்தார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே, தூரத்துப் பழக்கம்தான் புதுச் சேதி கொண்டுவரும். 2022-ல் இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

ஆகவே மூத்த மாணவர்களுக்கு எழுதுங்கள். வேலை கேட்காதீர்கள். “உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்? கல்லூரியில் எதைக் கற்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது?” இரண்டு கேள்வி, பதினைந்து நிமிடம். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பேராவது பதில் போடுவார்கள். அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று ஒரு வரி திரும்ப எழுதுங்கள்.

மதிப்பெண் குறைவு. கதவு மூடிவிட்டதா?

சில கதவுகள் மூடும், மறைக்க மாட்டேன். குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் இடங்களில் நேரத்தைக் கரைக்காமல், வேலை மாதிரி கொடுத்துச் சோதிக்கும் இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு தவறு செய்துவிட்டால்?

செய்வீர்கள். என் முதல் வேலையில் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஒரு மாலை ஆறு மணிக்கு, அன்று அனுப்பியது பழைய பட்டியல் என்று கண்டுகொண்டேன். அப்போது அது மூன்று பேரிடம்தான் போயிருந்தது. வயிற்றைக் கலக்கியது. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன், காலையில் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று.

மறுநாள் விஷயம் தெரிந்தபோது மேலாளர் என்னைத் திட்டவில்லை. யார் யாருக்குப் போனது, இப்போது என்ன செய்தால் நிற்கும் என்று இரண்டே கேள்வி கேட்டார். அன்றிலிருந்து புதியவர்களுக்கு நான்கு வரி எழுதக் கற்றுத்தருகிறேன்: என்ன நடந்தது, யாரைப் பாதிக்கும், இதுவரை நான் என்ன செய்தேன், உங்களிடம் என்ன உதவி வேண்டும். காரணமும் மன்னிப்பும் அதற்குப் பிறகு வரட்டும். கல்லூரியிலும் இதைப் பழகலாம்: ப்ராஜெக்ட் தேதி தவறப் போகிறது என்று தெரிந்த அந்த நிமிடமே பேராசிரியருக்கு அந்த நான்கு வரி போகட்டும்.

நான் அதை அன்று மாலையே எழுதியிருந்தால் மூன்று பேரோடு நின்றிருக்கும். காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகம் திரும்புவதற்குள், என் மேசையிலிருந்த அதே பட்டியலை எடுத்து இரவுப் பணியிலிருந்தவர் இன்னும் எட்டுப் பேருக்கு அனுப்பியிருந்தார்.